ஞானபாயின் வெள்ளைக் கையுறை

இது நடந்தது. இல்லை என்கிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்னட்டும். நான் சொல்லச் சொல்ல, உருண்டை தொண்டையிலேயே நிற்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

1999, ஆடி மழை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் துபாயிலிருந்து அனுப்பிய டிஜிட்டல் கேமராவோடு எங்கள் ஊர் அமரவிளையைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். ஃப்ளாப்பியைச் செருகிப் படமெடுக்கிற வகை. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை என்னிடம் மட்டும்தான் அது உண்டு. கேரளத்திலேயே என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.

துபாயில் என் மகனோடு ஒரே அறையில் இருந்தவன் நிஜின். அவன் அம்மா ஞானபாய் ஆரியங்கோட்டில் இறந்துபோனாள். இரண்டு நாள் ஐஸில் வைத்துப் பார்த்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கை ஷிஜா என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அண்ணன் இனி அம்மைய பாக்கியது உங்க படத்திலயாக்கும். அம்மைக்க நிறம் உள்ளது போல வரணும்."

"நிறத்த எனக்கு விடு மக்கா" என்றேன்.

சவப்பெட்டியைச் சுற்றி ஊதுபத்தி, பன்னீர், பிச்சிப்பூ. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. கழுவாத மீன்சட்டி வாடை. என் மூக்கு அன்றைக்கே செத்தது. இன்னும் அடக்கம் செய்யவில்லை.

பந்தலுக்கு நீலத் தார்ப்பாய். முதல் படத்தில் முகம் நீல மை பூசியதுபோல் வந்தது. இந்தக் கேமராவுக்கு வெள்ளை எது என்று காட்டிக் கொடுக்கவேண்டும். அதை வைத்துத்தான் மற்ற நிறங்களைச் சரிசெய்யும். "வெள்ளையா ஏதாவது உண்டா?" என்றேன்.

ஞானபாயின் தம்பி ராஜதாஸ் தன் வேட்டியை விரித்துக் காட்டினார். "இதவிட வெள்ள எங்க உண்டு?"

சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த வேட்டி. கேமரா அதை நம்பி, முகத்தில் மஞ்சளை அள்ளிக் கொட்டியது.

ராஜதாஸ் திரையை எட்டிப் பார்த்தார். "அக்காளுக்கு சக்கர நோய்தான் உண்டாயிருந்து. நீரு காமாலையும் குடுத்தாச்சு."

அப்போதுதான் கையுறைகளைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இறந்தவர் கைக்கு வெள்ளைக் கையுறை போடுவார்கள். கடையிலிருந்து வந்த புதுசு. நீலம் படாத அசல் வெள்ளை. குனிந்து, வலது கையுறையைத் திரை முழுக்க நிறைத்து, பொத்தானை அமுக்கினேன்.

அடுத்த படத்தில் மாநிற முகம் அப்படியே வந்தது. ஷிஜா பார்த்தாள். "அம்மையேதான்..." அழுதுகொண்டு உள்ளே போனாள்.

நான் மறுபடி திரையைப் பார்த்தேன்.

வலது கையுறையின் விரல் நுனியில் ஒரு கறை. காப்பி நிறம்.

கண்ணால் பார்த்தால்... சுத்த வெள்ளை.

லென்ஸைத் துடைத்தேன். மறுபடி வெள்ளை காட்டினேன். மறுபடி எடுத்தேன். கறை மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

இன்னொன்று. இப்போது ஈரம். கையுறைக்கும் பூவுக்கும் நடுவே கோழைபோல ஒரு நூல்... தொங்கியது.

துணியில் மடிப்பு நிழல் விழுகிறது என்று நினைத்தேன். அதை நீவிவிடக் கையை வைத்தேன்.

வெதுவெதுப்பு.

ஐஸில் கிடந்த உடம்பு...

பழுத்த கூழன் பலாச்சுளைபோல அமுங்கியது. சளக்.

பிறகு என் விரலைப் பிடித்தது.

மெல்ல.

விட்டது.

யாரும் பார்க்கவில்லை. பெட்டியை மூடினார்கள். நான் கிணற்றடியில் தோல் உரிய உரியக் கழுவினேன். ஒரு வாரம் வலது கையால் சோறு தொடவில்லை. கரண்டிதான்.

விரல் நுனியில் மட்டும் கறை விழுந்த, நிறம் சரியாக வந்த படத்தை நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் கடையிலிருந்து நிஜினுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஷிஜா வந்தாள்.

"அண்ணன் ஃபோன்ல விளிச்சான் மாமா. அம்மைக்க முகம் அப்படியே உண்டுண்ணு கரஞ்சு அழுதான். பெறகு கேட்டான்... வலது கை முழுசும் ஏன் அழுகி இருக்குண்ணு."

"முழுசுமா? நுனியிலதானே..." என்றேன். "அந்தக் கைய நான் தொட்டேன் மக்கா."

"எந்தக் கைய?"

"வலது."

அவள் கையிலிருந்த பைபிளைத் திண்ணையில் வைத்தாள்.

"வலது கைய ஈஸ்டருக்கு முன்னயே ஆசுபத்திரில முறிச்சு எடுத்தாச்சு மாமா. சக்கரப் புண்ணு. அண்ணன் பேடிப்பான்னு சொல்லேல்ல. கையுறைக்குள்ள நாங்க வெச்சது பஞ்சாக்கும்."

நான் வலது கையை வேட்டியில் துடைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"முறிச்ச பெறகும் அம்மை விடேல்ல. 'அந்தக் கை நாறுது, யாராவது பிடிச்சுக் கழுவி விடுங்க'ண்ணு... சாவுத வரைக்கும் கேட்டுட்டே கிடந்தா."