பாப்பாவுக்குப் பூசினால் பட்டுக்கு ஆகாது

மருந்துக் கடையில் வந்த நோய்க்கு விற்பது சுலபம். வராத நோய்க்கு விற்றுப் பார்த்தால்தான் வாய் வலிக்கும். கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நான் வேலை பார்த்தபோது, என் வாயை அதிகம் வலிக்க வைத்தது ஒரு வெள்ளை க்ரீம். குழந்தைக்குத் துணி மாற்றும்போதெல்லாம் அடிப்பக்கம் துடைத்து, ஈரம் காய்ந்தபின் பூசிவிட வேண்டும். மூத்திர ஈரம் தோலில் படாது, புண் வராது. விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிய வைக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கன்னம் மட்டும் பளபள

பட்டு நெய்யும் குமார் எங்கள் வாடிக்கைக்காரர். அவருடைய கைக்குழந்தைக்கு ஈரத்துணியிலேயே கிடந்து அடிப்பக்கம் சிவந்துவிட்டது. டாக்டர் இந்த க்ரீமை எழுதிக் கொடுத்தார். எப்படிப் பூசுவது என்று நான் வாயெடுப்பதற்குள், தறியில் வேலை கிடக்கிறது என்று டியூபை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். முகத்தில் அவ்வளவு வருத்தம். க்ரீம் என்று ஒன்று இருந்தால் அது முகத்துக்குத்தான் என்பது அவர் வீட்டுச் சட்டம் போலிருக்கிறது. எங்கே பூசினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “மூஞ்சி பூராத்துக்கும்தாங்க்கா. கன்னம் பளபளன்னு ஆயிடுச்சி, கீழதான் அப்படியே செவந்துகினு இருக்குது.”

உள்ளே போகாத மருந்து

அதே வாரம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாதி டியூபைக் கவுண்டரில் வைத்தார். சரக்கு போலியாம். எவ்வளவு தேய்த்தாலும் தோலுக்குள் இறங்காமல் வெள்ளையாக மேலேயே நிற்கிறதாம். தேய்த்த தேய்ப்பில் குழந்தை அலறியதுதான் மிச்சம்.

சார், அது மேலேயே நிற்பதற்குத்தான் இருக்கிறது, லேசாகப் பூசிவிட்டால் போதும், தேய்க்கவே கூடாது என்றேன். மேலே பவுடரையும் கொட்டாதீர்கள், மடிப்பில் கட்டி கட்டியாக நின்று உறுத்தும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாத்தியார் கேட்டார்: “தோலுக்குள்ளயே போவாதத இன்னா தைரியத்துலம்மா மருந்துன்னு விக்கிறீங்க?”

முந்தியில் ஒரு விரல்

நான் சொல்லிக் கொடுத்தபடி பூசும் இடம் மாறியதும் குமார் குழந்தைக்குச் சிவப்பு வாடிவிட்டது. நானும் நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நாளில் அவர் மனைவி செல்வி குழந்தையோடு வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தால் தோல் உரிந்து கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. க்ரீம் எங்கே என்றேன். பரணில் என்றாள்.

அவளும் குமாரும் மாற்றி மாற்றி ஒரே தறியில் உட்காருகிறவர்கள். தறியில் அரக்கு நிறத்தில் முகூர்த்தப் பட்டு. குழந்தைக்குப் பூசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தொட்டாள். ஆனால் தண்ணீரையே ஒட்டவிடாத க்ரீம் தண்ணீரில் போய்விடுமா? சேலை முந்தியில் ஒரு விரல் அளவுக்கு வெள்ளைக் கறை. நூல் கொடுக்கும் முதலாளி இந்தச் சேலையை வேண்டாம் என்றுவிட்டால், அடுத்த சேலைக்குப் பாவு நூல் கிடைக்காது. கண் கலங்கிப்போய்ச் சொன்னாள்: “பாப்பாவுக்குப் பூசினா பட்டுக்கு ஆவாது, பட்டப் பாத்தா பாப்பாவுக்கு ஆவல. நான் எதுக்குன்னு இந்தக் கைய வெச்சிகினு இருக்கறது, அக்கா?”

கோபப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. முதலில் புண்ணை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பிறகு, வீட்டில் பட்டைத் தொடாத கை ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டேன். யோசித்தாள். பேத்தியைப் பார்க்கக் களம்பூரிலிருந்து அவள் அப்பா வந்திருந்தார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்.

நழுவும் மூட்டை

மறுநாள் அவரே கடைக்கு வந்து நின்றார். ஆளையும் மீசையையும் பார்த்தால் தலைவலி மாத்திரை கேட்கவே யோசிப்பார் போலிருந்தது. பூசும் வித்தையை என் புறங்கையில் செய்து காட்டினேன். ஏதோ வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காலையில் ஒருமுறை முயன்றிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. “நெல்லு மூட்டைன்னா முதுகுல போட்டுகினு போயிடுவன்மா. இது ஒரு கையில நிக்க மாட்டேங்குது, மூஞ்சிலயே எட்டி ஒதைக்குது” என்றார்.

லீவு முடியவில்லை

சேலை நல்லபடியாக முடிந்தது. குழந்தைக்கு வேண்டாம் என்று நான் ஒதுக்கிய பவுடரைக் கறைமேல் போட்டுவைத்துப் பிசுக்கை இழுத்துவிட்டார்களாம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் தோலும் ஆறி, பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்த பாவும் தறியில் ஏறியது. இரண்டே நாள் லீவு என்று வந்த பெரியவர் மட்டும் டியூப் டியூபாக வாங்கிக்கொண்டிருந்தார்.

குழந்தை தவழ ஆரம்பித்தும் அவர் ஊருக்குக் கிளம்பவில்லை. மில்லில் தேட மாட்டார்களா என்று கேட்டேன். இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் மல்லாத்தி வைத்தார். காய்ப்பெல்லாம் கரைந்து உள்ளங்கை வழவழவென்று இருந்தது. “மில்லுல கைய காட்டச் சொன்னா இன்னாம்மா பண்றது? கல்யாணப் பொண்ணு கைன்னு சிரிப்பானுங்க” என்றார்.

தோலைக் காக்கிறது என்று சொல்லி நான் விற்ற க்ரீமில் குழந்தை தப்பித்தது, பட்டு தப்பித்தது, களம்பூர் மில்லுக்குத்தான் நல்ல ஆள் ஒருவர் போய்விட்டார்.