தோல் மண்டிக்காரருக்கு விழக் கற்றுக்கொடுத்த கதை

மேடையில் விழுந்தே பேர் வாங்கியவள் நான். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த மண்டபத்தில் எங்கள் குழு நாடகம் போட்டாலும் ஜனங்கள் கதைக்காகக் காத்திருப்பதில்லை. மருமகன் கட்டிய புது வீட்டைக் குறை சொல்ல வரும் மாமியார், ஈர டைல்ஸில் வழுக்கி மல்லாந்து விழுவாள். அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அந்த மாமியார் நான். இரண்டு கால்களும் மேலே போய், ஒரு செருப்பு பறந்து முன்வரிசைக்குப் போக வேண்டும். எரியோட்டில் ஒருமுறை அது ஒரு பெரியவர் மடியில் போய் விழுந்தது. பாவம், நாடகம் முடியும்வரை பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

போன வருஷம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கீழ விழக்கூடாதும்மா" என்றார்.

"விழுறதுதான் சார் என் தொழிலே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

புதியவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பதும் குழுவில் என் வேலைதான். ஆகவே எனக்குப் பதில் விழ ஓர் ஆளை நானே தயார்செய்ய வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்தவர் தோல் மண்டி வைத்திருக்கும் ஒரு பாய். ஐம்பத்தைந்து வயசு, பளீர் வெள்ளையில் வேட்டி சட்டை, கணீர்க் குரல், மருந்துக்கும் சிரிக்காத முகம். நடிக்க வேண்டுமென்பது சின்ன வயசு ஆசையாம். மாமியாரை மாமனாராக மாற்றினோம். அவர் சொதப்பினால் காட்சி போச்சு, நன்றாகச் செய்தால் நான் போச்சு. இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் ஒத்திகைக்குப் போனேன்.

வசனமெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். விழ வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிடுவார். குனிந்து தரையைக் கட்டைவிரலால் தேய்ப்பார். விரலை முகர்ந்து பார்ப்பார். ஆட்டுத் தோலைத் தடவி முகர்ந்தே தரம் பார்த்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி நிதானமாக உட்காருவார்.

"பாய், விழுங்க! உக்காராதீங்க!"

"விழுந்துட்டேன்லக்கா."

"இதுக்குப் பேரு விழுறதா? வழுக்கும்னு தெரியாம விழணும் பாய்."

"தெரியும்லக்கா. நேத்து நீங்கதான சொன்னீங்க, இங்கன வழுக்கும்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். மெத்தை விரித்து அதில் விழச் சொன்னால், மெத்தையைத் தடவிப் பார்த்து, "உள்ள பஞ்சு சரியில்லக்கா" என்கிறார். பொறுக்க முடியாமல் நானே விழுந்து காட்டக் கிளம்பினேன். "செத்த நேரம் சும்மா இருங்கக்கா, டாக்டரு என்ன சொன்னாரு?" என்று குழுவே சேர்ந்து என்னை அமுக்கி உட்கார வைத்தது.

மூன்று வாரத்தில் அவர் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். "விழுறதுக்கு முன்னாடி கூட்டத்த ஒரு பார்வை பாக்கணும் பாய். பாக்காம விழுந்தா எவனும் சிரிக்க மாட்டான்." அதை மட்டும் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சின்னாளப்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். மண்டபம் நிறைய ஆள். முதல் தடவையாக நான் கீழே, முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாய் வந்தார். அந்த இடத்தில் நின்றார். குனிந்தார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணைத் திறந்தால், பாய் விரலை முகர்ந்துகொண்டிருக்கிறார். பிறகு கூட்டத்தை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். "சரக்கு சரியில்ல மாப்ள" என்று ஒரு போடு போட்டார். அப்படி ஒரு வசனமே கிடையாது! அப்புறம் வேட்டியை ஒதுக்கி, மெல்ல உட்கார்ந்தார்.

மண்டபமே இடிந்துவிடும்போல் ஒரு சிரிப்பு. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்கு நேர் பின்னால் ஒருத்தி, "அந்தம்மா விழுறத விட இதுதான்டி நல்லாருக்கு" என்கிறாள். அந்தம்மா முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பாயைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாமென்று இருந்தது.

இனி இங்கே நமக்கென்ன வேலை என்று விருட்டென எழுந்தேன். கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை நாற்காலிக் காலில் மாட்டியிருந்திருக்கிறது. நாற்காலியோடு மல்லாந்தேன். இரண்டு கால்களும் மேலே. ஒரு செருப்பு பறந்து மேடைக்கே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கச்சிதமாக நான் விழுந்ததே இல்லை. நல்லவேளை, முழங்கால் தப்பித்தது.

ஆனால் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை! "ஐயையோ", "தண்ணி கொண்டாங்க", "தள்ளுங்கப்பு, காத்து வரட்டும்" என்று ஒரே பதற்றம். இடுப்பைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அழுகையே வந்துவிட்டது.

மேடையில் இன்னும் உட்கார்ந்தே இருந்த பாய், பக்கத்தில் கிடந்த என் செருப்பை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இது தோலே இல்ல, ரெக்சினு" என்றார் கணீரென்று. "அதோட, கூட்டத்தப் பாக்காம விழுந்துட்டீங்க."

படுத்த வாக்கிலேயே தலையைத் திருப்பி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. யார் யாரோ கை கொடுத்துத் தூக்க வந்தார்கள். நான்தான் எழுந்திருக்கவில்லை.