எட்டாம் கட்டிலின் தட்டு

தராசு அக்கா நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினொரு வருஷம் அவளோடு வேலை பார்த்தும், ஒருநாளும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்று, டப்பாவில் கொண்டுவந்த பயறையும் கீரையையும் நாலு வாயில் முடித்துவிடுவாள்.

நோயாளிகளின் தட்டில் சாப்பாடு வைப்பது அவள் வேலை. கரண்டி அளவு இம்மி பிசகாது. அதனால்தான் அந்தப் பெயர். திரும்பி வரும் தட்டுகளைக் கழுவுவது என் வேலை. மூன்றாம் மாடி மனநல வார்டின் தட்டுகள் வந்தால், அக்கா என் தொட்டிப் பக்கம் வந்து மிச்சத்தைப் பார்ப்பாள். அந்த வார்டு டாக்டரம்மா பாக்கெட் தின்பண்டங்களை நிறுத்திவிட்டு, அந்தந்தப் பருவத்தில் பக்கத்திலேயே விளையும் காய், பயறு, கீரை என்று மாற்றியிருந்தார். "சாப்பாடே மருந்தாகிடாது. ஆனா வெறும் வயித்துல மனசு எங்க நிக்கும்?" என்பார்.

"ஆறாம் கட்டில் மூணு நாளா பயறைத் தொடலை. நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று அக்கா மாடியேறுவாள். தட்டில் மிச்சம் விழுந்தால் நோய் கூடுகிறது என்ற அவள் கணிப்பு பெரும்பாலும் தப்பாது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் வேலைக்காக வெகுதூரம் போனான். அதன்பின் டப்பா வரவில்லை. டீ, நாலு பிஸ்கட்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குடி அடுப்பு?" என்றாள்.

"தராசு, ஊருக்கெல்லாம் அளந்து போடுறே. உன்னைத் தூக்கித் தட்டுல வச்சா முள்ளு அசையாது போல!" என்றார் சமையல் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அவள் ஏப்ரன் கயிறு இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று என்னைக் கேலி செய்வார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் பெரியவளுக்கு என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

பிறகு கரண்டி பிசகியது. ஒரு தட்டில் இரண்டு தரம் சோறு, அடுத்ததில் ஒன்றுமில்லை. கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதாள். ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை.

மாஸ்டரும் நானும் போய்க் கதவைத் தட்டினோம். வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். அலமாரி நிறைய பிஸ்கட் பாக்கெட். காய்கறிக் கூடையில் ஒரே ஒரு கேரட், கிழவி விரல்போல் சுருங்கிக் கிடந்தது.

"ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அங்க வேலையை யாரு பார்க்கிறா?" என்றாள். அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டிவந்தோம்.

மூன்றாம் மாடி, எட்டாம் கட்டில். முதல் நாள் அவள் தட்டு மூடி திறக்காமலே என் தொட்டிக்கு வந்தது. வேலை முடிந்ததும் மாடியேறினேன்.

"அக்கா, பயறைத் தொடலையே."

"பார்த்துட்டியா?"

"ரெண்டு வருஷமா பார்த்துட்டுதான்க்கா இருக்கேன்."

"அப்ப ஏன்டி சொல்லலை?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்றோடு பத்தொன்பது நாள். மாத்திரை போடுகிறாள். மகனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, இன்னும் வரவில்லை. தினமும் எட்டாம் கட்டிலின் தட்டைப் பார்த்துவிட்டு, நான்தான் நர்ஸம்மாவிடம் போய்ச் சொல்கிறேன். இன்று மதியம் கீரையில் பாதி, பயறில் இரண்டு வாய் போயிருந்தது. சோறு அப்படியே இருந்தது.