ஆணியில் தொங்கிய ஒரு சாண் பிலிம்

முதலாளி இருந்தார். மேனேஜர் இருந்தார். விழுப்புரம் தியேட்டரின் ஆபரேட்டர் இருந்தார், இந்த விசாரணைக்கென்றே பஸ் ஏறி வந்திருந்தார். எங்கள் திண்டிவனம் தியேட்டரின் ஆபரேட்டர் அண்ணன் மெஷினை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவுப் பக்கம் நான். படம் ஓட்டும் கேபினில் அவ்வளவு பேர்தான். சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு சாண் நீளத்துக்குப் பிலிம் துண்டு தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது ஆடியது. ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வேலை பெட்டி தூக்குவது. இரண்டு தியேட்டருக்கும் ஒரே முதலாளி. புதுப்படத்துக்கு ஒரே பிரிண்ட் எடுப்பார். திண்டிவனத்தில் முதலில் ஓடும். இடைவேளைக்கு முந்தின ரீல்கள் ஒரு பெட்டி, பிந்தினது ஒரு பெட்டி. முதல் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போய் விழுப்புரத்தில் இறக்குவேன். திரும்பி வந்து இரண்டாவதை எடுப்பேன். அங்கே இடைவேளை முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும். நாள் முழுக்க அதே ரோடு. ஒரு ரீல் ஐந்து கிலோவுக்குக் குறையாது. கேபின் மாடியில் இருக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, பெட்டியில் எத்தனை ரீல் என்று மூடியைத் திறக்காமலே என் தோள் சொல்லிவிடும்.

அந்தக் காலத்தில் ஆபரேட்டர்கள் படத்தை வெட்டுவார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மதியக் காட்சி இழுத்தால் மேல்சித்தாமூர் பஸ் போய்விடும், பஸ் போனால் அந்தப் பக்கத்து ஜனம் அடுத்த படத்துக்கு வராது. அதனால் ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். எங்கள் அண்ணனும் எடுப்பார். எடுத்ததைச் சுருட்டி, சீட்டு ஒட்டி, அந்த ஆணியில்தான் மாட்டுவார். பிரிண்ட் கம்பெனிக்குத் திரும்புகிற நாளில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒட்டிவிடுவார். ஆணி காலியானால்தான் பெட்டியை என்னிடம் கொடுப்பார். "ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு படம் தம்பி. ஒண்ணு கொறைஞ்சாலும் எனுக்குக் கண்ணு உறுத்தும்" என்பார். நீளம் குறைந்தால் படம் ஓடும் என்று அவரைத் தவிர நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அந்தப் படம் வெள்ளைக்காரப் படம், தமிழில் பேசியது. சாம்பல் நிற அங்கி போட்ட ஒருத்தன் பறப்பான், பாலத்தை ஒரு கையால் தாங்குவான். படம் முழுக்க அடிதடிதான். கடைசிச் சண்டையில் வில்லனை ஏறக்குறைய முடித்துவிட்டான். திடீரென்று தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வில்லன் அடிக்கிறான், இவன் வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று படத்தில் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. முதல் காட்சியிலேயே ஜனம் கத்தியது. "இன்னாடா, சோறு போடப்போறாங்களா, எழுந்திருடா" என்று ஒருத்தன் கத்த, தியேட்டரே சிரித்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "படத்தை வெட்டிட்டானுங்க" என்று கேபின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்கள். விழுப்புரத்தில் நாற்காலி சீட்டையே கிழித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் முதலாளி கேபினுக்கு ஏறி வந்தார். அவர் அந்தப் படியில் ஏறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் ஏன் உட்கார்ந்தான் என்று சொல்கிற சீனை யார் வெட்டியது என்று கேட்டார்.

விழுப்புரத்து ஆபரேட்டர் சொன்னார், "எங்குளுக்கு வர்றப்பவே அந்த சீனு இல்லீங்க. நான் கத்திரியத் தொடவேயில்ல."

அண்ணன் சொன்னார், "நானும் தொடலீங்க. பொட்டில வந்ததே இவ்ளோதான்."

"அப்ப ஆணியில இருக்கறது இன்னாய்யா?" என்றார் முதலாளி.

"பிலிம் ஓரத்துல ஓட்ட கிழிஞ்சி மெஷின்ல சிக்கிக்கிச்சிங்க. அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டு ஒட்டினேன். பன்னெண்டு படம்கூட இருக்காது. எண்ணிப் பாருங்க."

மேனேஜர் சிரித்தார். "வாலு இங்க கீது. ஒடம்பை எங்க வெச்சிருக்க?"

யாரும் எண்ணவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார். "பொட்டி தூக்கறவன் நீதானே. நீ சொல்லு."

வந்த அன்றைக்குப் பெட்டி என்ன கனமோ, அன்று காலையும் அதே கனம். தோளுக்கு அது தெரியும். ஆனால் கண் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் வெட்டுகிறவர்தானே, இப்போதும் வெட்டியிருப்பார் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். இவர் வெட்டவில்லை என்றால், வழியில் ரீலைத் தொலைத்தது நான்தான் என்று ஆகும். வீட்டில் மகள் பிறந்து நாற்பது நாள்.

"எனுக்குத் தெரியாதுங்க" என்றேன்.

இரண்டே சொல். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மெஷின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதன் பிறகு எந்த ஊர் தியேட்டரிலும் அவரைச் சேர்க்கவில்லை. படத்தை வெட்டிக் கெடுத்தவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் நின்றது. முகையூர் பக்கம் மனைவி ஊருக்குப் போய் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பயிர் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். ஆணியில் இருந்த பிலிம் துண்டை மேனேஜர் குப்பையில் போடச் சொன்னார். நான் போடவில்லை. வண்டி லைசென்ஸ் இருந்த தகர டப்பாவில் வைத்தேன். எதற்கென்று தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் இல்லை.

இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. மகள் முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒரு படம் போட்டார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதே சாம்பல் அங்கி, அதே பாலம். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை.

இடைவேளை வருகிற இடம் தாண்டி ஒரு காட்சி வந்தது. நான் பார்த்தே இராத காட்சி. முதல் சண்டையில் இவன் போய் விழுந்த இடத்தில் ஒரு வீடு நொறுங்கியிருக்கிறது. அது ஒரு பார்வையில்லாத கிழவியின் வீடு. இவன் அங்கி இல்லாமல் சாதாரண ஆளாக அங்கே போகிறான். தினமும் போய்ச் செங்கல் அடுக்குகிறான், பூசுகிறான். அவளுக்கு யார் என்று தெரியாது. கூலியாள் என்று நினைத்துக் கஞ்சி கொடுக்கிறாள். "அந்தப் பறக்கிறவன் ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பார்த்திருந்தால், கீழே ஆள் இருப்பது தெரிந்திருக்கும்" என்கிறாள். இவன் அடுத்த கல்லை வைக்கிறான்.

பிறகு கடைசிச் சண்டை வந்தது. இவன் கீழே பார்க்கிறான். அடியில் நிலவறையில் ஜனம் ஒளிந்திருக்கிறது; இதுவும் அன்றைக்கு வரவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். உட்காருகிறான். அடி விழ விழ, அது கீழே இறங்காதபடி அசையாமல் தாங்குகிறான். தியேட்டரே சிரித்த அதே காட்சி. ஒரு படம்கூட மாறவில்லை. ஆனால் வேறு காட்சியாக இருந்தது. மகள் கீரையை விட்டுவிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்தாள். 

"மாப்ள, இந்த சீனு தியேட்டர்ல வரலியே" என்றேன். குரல் என் குரல் மாதிரி இல்லை.

"இது லாங் வெர்ஷன் மாமா. டைரக்டர் எடுத்த மாதிரியே இப்ப உட்டுக்கீறாங்க. அப்ப நீளமா கீதுன்னு கம்பெனிக்காரனே வெட்டிட்டானாம்."

"எங்க வெச்சி வெட்டினான்?"

"அமெரிக்காவுலதான். பிரிண்ட் போடறதுக்கு முன்னாடியே." போனைப் பார்த்துப் படித்தார். "பத்தொம்போது நிமிசம்."

பத்தொன்பது நிமிடம் என்றால் முழுசாக ஒரு ரீல். ஐந்து கிலோ. அது என் தோளில் ஒரு நாளும் ஏறவில்லை. மகள் "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லியா, பிரஷர் பாக்கட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். 

மறுநாள் காலை தகர டப்பாவை எடுத்துக்கொண்டு முகையூர் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் தார்ப்பாய் விரித்து மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். முடி எல்லாம் வெளுத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"இன்னா, பொட்டி எதுனா கொண்டாந்தியா?" என்றார்.

படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். கிழவியை, செங்கலை, அவன் ஏன் உட்கார்ந்தான் என்பதை. எனக்குக் கதை சொல்ல வராது. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டார். உட்கார்ந்த இடத்தைச் சொன்னபோது கை நின்றது.

"அதான பாத்தேன்" என்றார். "அவன் சும்மா ஒக்கார மாட்டானேன்னு எனுக்கு அப்பவே ஒரு இது. அந்த எடத்துல ஏதோ இருந்து எடுத்துக்கீறாங்கன்னு தெரிஞ்சிது. நான் எடுக்கல, அவ்ளோதான்."

"கம்பெனிலயே வெட்டிட்டானுங்கண்ணே. நேத்துதான் தெரியும்."

"எனுக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. சரி. உனுக்குமா தெரியாது? பொட்டி கனம் உனுக்குத் தெரியாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலக் கேட்டார். இத்தனை வருஷமும் அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.  டப்பாவைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினேன். ஓரம் கிழிந்து, நிறம் போய், சுருண்டிருந்தது. அவர் வாங்கவில்லை.

"அன்னிக்கு எண்ணச் சொன்னேன்" என்றார். "இப்ப எண்ணு."

விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஆணியில் ஆடிய அதே துண்டு. விரலை வைத்து ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணினேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பதினொன்று.