ஞாயிற்றுக்கிழமை இல்லாத கால்கள்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டரவாக்கத்தில் ஓலைக் கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டம் வாங்க வைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டிருந்த இதே கையை நம்பி, உடம்பு பிடிக்கும் கடை ஒன்று வைத்தேன். கடையிலுள்ள மூன்று படுக்கை மேசைகளும் பழைய ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்து நானே செய்தவை. குப்புறப் படுப்பவர் மூச்சு விட வேண்டுமே என்று பலகையில் ஓட்டை வெட்டியதும் என் யோசனைதான். முதல் மேசையில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகி, ஒரு லாரி டிரைவரின் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ரம்பம் வைத்துப் பலகையை அறுத்துத்தான் அவரை எடுத்தோம். இரண்டாவது மேசையில் அளவு சரியாக வந்துவிட்டது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எனக்கு யாரும் ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுத்ததில்லை.

இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் செய்திருக்கிறேன். விளையாடுகிறவர்களின் உடம்பை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்கக் கூடாது என்று கண்டுபிடித்தேன். நான் எழுதுவதில் எழுத்துப் பிழையை மட்டும் என் சின்ன மகள் திருத்துகிறாள். விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை.

என்னிடம் முதலில் வந்தவர்கள் சுமை தூக்குகிறவர்கள், பிரஸ் மிஷினில் நிற்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கூட்டமாக வருவார்கள். வலித்தால்தான் வைத்தியம் என்பது அவர்கள் கணக்கு. நொச்சியும் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றி, முழங்கையை ஊன்றி, என் எடை முழுவதையும் இறக்குவேன். படுத்திருப்பவர் கத்த வேண்டும். கத்தாமல் எழுந்து போனால் அவருக்கே திருப்தி இருக்காது.

"இன்னா நைனா, இன்னிக்கு கை சப்புனு கீது? ஊட்ல சோறு போடலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே என் கைக்கு மார்க் போடுவார்கள். திங்கட்கிழமை எல்லாரும் நிமிர்ந்து வேலைக்குப் போவார்கள். அதனால் என் பிடியில் குறை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு கபடிக்காரன் வர ஆரம்பித்தான். பூந்தமல்லி சாலையில் ஒரு கோடவுனில் பார்சல் அடுக்குகிற வேலை. சாயங்காலம் எங்கள் பக்கத்து மைதானத்தில் ஆட்டம். பாடிப் போவதில் அவன் கெட்டிக்காரன். எதிர்க்கட்டத்துக்குள் போய்த் தொட்டுவிட்டு, அவர்கள் வளைப்பதற்குள் கோட்டைத் தாண்டி வந்துவிடுவான். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கபடி ஆடுகிறவர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பார்கள். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அவனுடைய வயதுக்கு இரண்டு தேர்வுதான் மிச்சம் இருந்தது. அந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று. இரண்டும் தவறினால் கடைசிவரை பார்சல்தான்.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்தான்.

"நைனா, நாளிக்கு காலைல செலக்ஷன். பின்தொடை இறுகிப் போய் கீது. நல்லா அமுத்தி எடுத்துடு."

"கத்தக் கூடாது, இன்னா?"

"கத்துனா கடைக்கு வெளம்பரம்தான நைனா."

எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. மூட்டை தூக்குகிற ஒருவருக்கு என்ன செய்வேனோ அதையே, இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன். முழங்கையால் தொடையின் அடியிலிருந்து மேல்வரை ஒரு மணி நேரம் இறக்கினேன். அவன் கத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேசையிலிருந்து குதித்து இரண்டு காலையும் உதறிப் பார்த்துவிட்டு, "காத்து மாரி கீது நைனா" என்றான்.

மறுநாள் நானும் ஆவடிக்குத் தேர்வைப் பார்க்கப் போனேன். என் கைவேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசைதான். முதல் முறை பாடிப் போனபோதே தெரிந்துவிட்டது. கால் நொண்டவில்லை, வலிக்கவும் இல்லை. ஆனால் அவன் நினைத்த பிறகுதான் கால் வந்தது. தொட்டுவிட்டான், திரும்பினான், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மூன்று முறை போனான், மூன்று முறையும் அதே இடத்தில் விழுந்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அவனுடைய கோச், படையில் இருந்து ஓய்வு பெற்ற சேலத்துக்காரர். தொடையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இவனை நேத்துப் போட்டுப் பெசைஞ்சது? சப்பாத்தி மாவாட்டம் இருக்கான்!" என்று கத்தினார்.

நான் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவனும் தலை குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தானே தவிர, என் பக்கம் திரும்பவில்லை. நான் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம் போலக் கூட்டம் வந்தது. எனக்குப் பழக்கமான ஒரு சுமைக்காரர், பல வருடமாக வருகிறவர், மேசையில் படுத்தார். அவரிடம் அதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்பா, நான் புடிச்சி உட்டா மறுநா காலைல எப்டி கீது உனுக்கு?"

"மறுநாளா? அடிச்சிப் போட்ட மாரி கீது. மாடிப்படி எறங்க முடியாது. கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"அடப்பாவி, இத்தினி வருசமா சொல்லவே இல்லியே!"

"இதுல சொல்றதுக்கு இன்னா கீது? ஞாயித்துக்கெயமதான? கறி துன்னுட்டு படுத்துகினு இருப்பேன். திங்கக்கெயம சரியா பூடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடமும் என் வைத்தியத்தில் பாதி வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் இறுக்கத்தை எடுத்தேன், கூடவே காலையும் அடித்துப் போட்டேன். அடிபட்ட காலை அந்த ஒரு நாள் தூக்கம் எழுப்பிவிட்டது. கபடிக்காரனுக்கு அந்த நாளைக் கொடுக்காமல் நேராகக் கட்டத்துக்குள் அனுப்பியிருக்கிறேன். சுமைக்காரருக்கு வேண்டியது வலி போவது. ஆடுகிறவனுக்கு வேண்டியது, நினைத்தவுடன் கால் வருவது. இரண்டும் ஒரே வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

அவனைத் தேடிக் கோடவுன் வாசலுக்குப் போனேன். டீக்கடையில் உட்கார வைத்து, "உன் காலக் கெடுத்தது நான்தாம்பா" என்றேன்.

"தெரியும் நைனா."

"அப்புறம் இன்னாத்துக்கு கோச்சாண்ட சொல்லல?"

"சொன்னா உன்னிய ஒரு திட்டு, கேக்காம போனதுக்கு என்னிய ஒம்பது திட்டு. நீ ஊட்டுக்குப் பூடுவ, நான்ல அவராண்ட டெய்லி நிக்கணும்?"

"அடுத்த வருசம் இன்னொண்ணு கீதுல்ல? காலை என்னாண்ட குடு."

அவன் டீயைக் குடித்து முடித்தான். பிறகு, "இது கடைசி நைனா. இதுவும் பூட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். வருவதாகவும் சொன்னான்.

எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் கடைச் சுவரில் படித்தேன். அவன் விரலில் சுண்ணாம்பைத் தடவி, நின்ற இடத்திலிருந்து எம்பிச் சுவரைத் தொடச் சொன்னேன். ஒரு கோடு விழும். பிறகு ஒரு விதமாகப் பிடிப்பேன். மறுபடி எம்பச் சொல்வேன். இரண்டாவது கோடு மேலே விழுந்தால் அந்தப் பிடி நல்லது, கீழே விழுந்தால் கெட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரச் சொல்லி எம்பவைத்தேன். முழங்கை வைத்து அழுத்தினால் மறுநாள் கோடு நான்கு விரல் இறங்கியது. மூன்றாம் நாள்தான் பழைய இடத்துக்கு வந்தது. உள்ளங்கையைக் குழித்துச் சடசடவென்று தட்டி, சதையை மட்டும் பிடித்து உலுக்கிவிட்டால், அப்போதே ஒரு விரல் ஏறியது. அதையே அரை மணி நேரம் செய்தால் தூக்கம் வந்து கோடு இறங்கியது. பத்து நிமிடத்தோடு நிறுத்தினேன். ஆறு மாதத்தில் கை எட்டாத உயரத்தில் சுவர் முழுக்கக் கோடாகிவிட்டது. வீட்டுக்காரி வெள்ளையடிக்கச் சொன்னாள். நான் விடவில்லை.

எண்ணெயிலும் ஒரு தகராறு வந்தது. உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஆட்டத்துக்கு முன்னால் நான் வழக்கம் போல எண்ணெய் போட்டுத் தட்டிவிட்டேன். நடுவர் அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா, பஜ்ஜி போட வந்தியா?" என்று கேட்டு, சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார். கபடியில் உடம்பு வழுக்கக் கூடாது, பிடிக்கிறவனுக்குப் பிடி கிடைக்க வேண்டும். அத்தனை வருட எண்ணெயை ஓரம் வைத்துவிட்டு, துணியின் மேல் உலர்ந்த கையால் வேலை செய்யப் பழகினேன். கை எரியும். பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில் மைதானத்துக்கு ஒரு பிசியோ வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், மாங்காட்டில் குடியிருப்பவர். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். சுவரைப் பார்த்ததும் கிட்டே போய்க் கோடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"இது யாருங்க ஐயா சொல்லிக் குடுத்தது?"

"சுவருதாம்மா."

"நாங்க இதையே மிஷின் வெச்சு அளப்போமுங்க" என்று சொல்லி, போனில் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார். அவரிடமும் நான் ஒன்று தெரிந்துகொண்டேன், மறைக்கவில்லை. ஆட்டம் முடிந்த அன்று அழுத்தக் கூடாது, மெதுவாகக் கீழிருந்து மேலாக நீவி மட்டும் விட வேண்டும் என்றார். சுவரில் சோதித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது தேர்வு வந்தது. நான்கு நாள் முன்னால் ஆழமான பிடியை முடித்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அவன் கடைக்கு வந்து மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

"நைனா, ஒரே ஒரு தபா மொழங்கையால அமுத்திடு. இறுகிப் போய் கீது."

"எறங்கு."

"பயமா கீது நைனா."

"பயம் தொடைல இல்ல, தலைல கீது. நான் தலை புடிக்கிறதில்ல. ஊட்டுக்குப் போய்ச் சேரு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் கதவைச் சாத்தினேன். கை என்னவோ பரபரத்தது உண்மை. ஒரு நிமிடம் அழுத்திவிட்டால் அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் போன வருடம் அவனைக் கெடுத்தது.

காலையில் மைதானத்து ஓரம் பத்து நிமிடம், உலர்ந்த கை.

"இன்னா நைனா, கொசு ஓட்டுற மாரி கீது?" என்றான்.

"போய் ஆடு."

அன்றைக்கு ஐந்து முறை பாடிப் போனான். ஒரு முறைதான் பிடிபட்டான். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இப்போது ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். அவன் அம்மா அங்கே மாடியில் கீரை போட்டிருக்கிறார்.

பிறகு எங்கள் பக்கத்து மைதானத்தில் ஒரு பலகை வைத்தார்கள். வேலைக்குத் தேர்வானவன் பெயர், அதன் கீழே பயிற்சி தந்தவர் என்று கோச் பெயர், உடல் பராமரிப்பு என்று பிசியோ பெயர், காலணி உதவி என்று ஒரு செருப்புக்கடைக்காரர் பெயர். பிசியோ அறைச் சுவரில் பிளாஸ்டிக் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. நான்கு நாள் முன்பு ஆழமாக, முந்தின நாள் தொடாதே, ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உலர்ந்த கை. என் கடைச் சுவர் அப்படியே அதில் இருக்கிறது. அந்தப் பெண் என் பெயரையும் போடச் சொன்னாராம். நான் மைதானத்துக் கமிட்டிச் செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

"பெரியவரே, நீங்க டிகிரி எதுவும் வாங்கலியே. நாளைக்கு யாராச்சும் கேட்டா இன்னா சொல்றது?"

"செருப்புக் குடுத்தவரு இன்னா டிகிரி?"

"அது டொனேஷன்."

"என்னுது?"

அவர் போன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனார்.

அதனால் இங்கே எழுதிக் கேட்கிறேன். எனக்குச் சால்வை வேண்டாம், மேடை வேண்டாம். அந்தப் பலகையில் என் பெயரும், உடம்பு பிடிப்பவர், பட்டரவாக்கம் என்ற விவரமும் வர வேண்டும், மற்றவர்கள் பெயர் எழுதிய அதே அளவு எழுத்தில். அந்தத் தாளிலும் வர வேண்டும். முதல் வருடம் அவன் தோற்றதும் என் கையால்தான் என்று யாராவது சொன்னால், தாராளமாக அதையும் சேர்த்து எழுதுங்கள், மறுக்க மாட்டேன். "முந்தின நாள் தொடாதே" என்ற வரி அங்கிருந்துதான் வந்தது. கெடுத்தவனும் நான், ஏன் கெட்டது என்று கண்டுபிடித்தவனும் நான். செருப்புக்கடைக்காரர் பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. நேற்றுப் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.