எதிர்மூலைக்காரர்

யார் ஜெயிக்கவேண்டும் என்று மண்டபமே முன்கூட்டி முடிவு செய்துவிட்ட குத்துச்சண்டையில், தோற்கிற மூலையில் நிற்பது யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

வேய்ன் தாக்ரே நிற்கிறார். வளையம் ஏறுவதற்கு முன் முன்பல் செட்டைக் கழற்றிக் குழாயில் அலசி, நண்பர் மிக்கின் சட்டைப்பையில் போடுகிறார்.

"பியர்ல முக்கிடாத ராசா, போன தடவ மாதிரி."

"அன்னைக்குத்தான்யா உன் வாய் நாறாம இருந்துச்சு."

எல்லோரும் அவருக்கு ராசாதான். நடுவர், மருத்துவர், அவரை அடிப்பதற்கென்றே வந்திருக்கும் இளைஞன், எல்லோரும். பகலில் பார்ன்ஸ்லி என்ற ஊரில் மிக்கும் அவரும் சுவர் பூசுகிறார்கள். கையில் சுற்றிய கட்டுத்துணிக்கு அடியிலும் நகக்கண்களில் பூச்சு வெள்ளை ஒட்டியிருக்கும். சண்டைச் சாமான்களைக் காய்கறிப் பையில்தான் கொண்டுவருவார். ஜாம் தடவிய ரொட்டியும் அதிலேயே கிடந்து நசுங்கும்.

யாரும் அவரைத் தோற்கச் சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லை. உள்ளூர்ப் பையன் தன் தெரு முழுக்க டிக்கெட் விற்கிறான். மண்டப வாடகையும் மருத்துவர் கூலியும் வேய்னின் கூலியும் அந்த டிக்கெட்டிலிருந்துதான் வருகின்றன. அந்தப் பையனை வீழ்த்துகிறவனுக்கு அப்புறம் எவனும் போன் செய்வதில்லை. ஆகவே வேய்ன் தோற்கவேண்டும். ஆனால் அடிபட்டுத் தோற்கக்கூடாது. நடுவர் சண்டையை நிறுத்தி ஒருவனைத் தோற்றவனாக அறிவித்துவிட்டால், அவன் சில வாரங்களுக்குப் பயிற்சிக்கோ சண்டைக்கோ வளையம் ஏற முடியாது. அடியைத் தோளிலும் முழங்கையிலும் வாங்கிப் புள்ளிக்கணக்கில் தோற்பதுதான் வேய்னின் தொழில். இருபது வயதில் பட்டம் வாங்கப்போவதாகச் சொல்லித்தான் அவரும் வந்தார். அவருக்கு டிக்கெட் விற்க ஒரு தெரு இல்லை.

இந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளூர்ப் பையன் தடுமாறினால் கட்டிப்பிடித்து, அவனுக்குத் தெளிகிறவரை தாங்க வேண்டும். "மூச்ச விடு ராசா. கைய தூக்கு, உங்கப்பன் பாத்துக்கிட்டிருக்காரு" என்று வேய்ன் காதில் சொல்வார். இதைப் பெருந்தன்மை என்கிறார்கள்.

சென்ற மாதம் டான்காஸ்டரில் அவருக்கு எதிரே நின்றவன் ஆலி ப்ரூம்ஹெட். காது இரண்டும் சிவந்த, நல்ல பையன். நான்கு சுற்றுச் சண்டையின் மூன்றாவது சுற்றில், தடுக்கத் தூக்கிய வேய்னின் இடது கை பழக்கதோஷத்தில் வளைந்து திரும்பி, ஆலியின் பொட்டில் இறங்கியது. பையனின் கால்கள் துவண்டன. வழக்கப்படி வேய்ன் கட்டிப்பிடித்துத் தாங்கினார்.

"அண்ணே, இது எத்தனாவது சுத்து?" என்று தோளில் முகம் புதைத்தபடி ஆலி கேட்டான்.

"மூணு ராசா."

பத்து நொடிகூட ஆகவில்லை. "அண்ணே, எத்தனாவது சுத்து?"

மணி அடித்தது. முக்காலியில் உட்கார்ந்த வேய்ன், மிக் நீட்டிய தண்ணீரைத் தள்ளினார்.

"அவன் நெனவு தப்பி நிக்கிறான், மிக்."

"ஒரே ஒரு சுத்துய்யா. தாங்கிட்டுப் போய்ச் சேத்துரு. அவன் ஜெயிச்சுக்கட்டும். நீ அவன விழுத்தாட்டினா, அடுத்த வாரம் சண்ட குடுக்கிற கிளாஸ்கோக்காரன் உனக்குப் போன் பண்ணுவான்னு நெனக்கிறியா?"

"ஜெயிச்சான்னா திங்கக்கெழம மறுபடி பயிற்சிக்குப் போயிருவான். தலையில இன்னொரு அடி விழும்."

"அவங்கப்பனுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. எதிர்மூலையில் அப்பன் மகனின் கன்னத்தைத் தட்டி, "நெஞ்சுரத்தக் காட்டுடா!" என்று கத்திக்கொண்டிருந்தார். மண்டபமும் அதையே கத்தியது. நெஞ்சுக்குள் இருப்பது இரத்தத்தை இறைக்கும் ஒரு தசை. மண்டைக்குள் இரத்தம் கசிந்தால் அதற்கும் சேர்த்துத்தான் அது இறைக்கும். இது பள்ளிப் பாடம். ஆயிரம் பேர் சேர்ந்து கத்தியதாலேயே அது பொய்யாகிவிடுமா?

கடைசிச் சுற்று தொடங்கும்போது இருவரும் கையுறையைத் தொட்டுக்கொள்வது மரபு. தொட்டார்கள். வேய்ன் ஒரு குத்தைத் தோளில் வாங்கினார். இன்னொன்றை முழங்கையில் வாங்கினார். அப்போது ஆலி சட்டென்று நின்று, சுற்று இப்போதுதான் தொடங்குவதுபோல, இரண்டு கைகளையும் மறுபடி நீட்டினான். என்ன பண்பாடு என்று கூட்டம் கைதட்டியது.

வேய்ன் பின்வாங்கி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டார்.

"சண்ட போடு!" என்றார் நடுவர்.

"அவன் கண்ணப் பாருங்க."

திறந்து கிடந்த முகத்தில் ஆலியின் குத்து விழுந்தது. மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. வேய்ன் கையைத் தூக்கவில்லை.

"போடுறியா, வெளிய அனுப்பவா?"

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அவன் கண்ணப் பாருங்க சார்!"

ராசா என்று சொல்லாத வேய்னை அந்த நடுவர் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் திரும்பி, பையனின் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த நொடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசிச் சண்டையை நிறுத்தினார். மருத்துவர் கயிற்றுக்குள் புகுந்து ஓடிவந்தார்.

வெற்றி வேய்னுக்கு. பல வருடங்களில் முதல் வெற்றி. பியர்க் கோப்பை ஒன்று பறந்து வந்து அவர் முதுகில் உடைந்தது. "ஏமாத்துக்காரா! பல்லில்லாத கெழவா!" தூக்கிய கையை நடுவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவர் ஆலியின் முக்காலிக்குப் போனார். கிளாஸ்கோவிலிருந்து இன்றுவரை போன் வரவில்லை.

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆலி நிமிர்ந்தான். வேய்னைப் பார்த்து, இன்னும் தொடங்காத சுற்றுக்காக மூன்றாம் முறை கையுறையை நீட்டினான். வேய்ன் அதையும் தொட்டார்.

அடுத்த சண்டைக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களா? போங்கள். ஒரே சுற்றில் கையுறை இரண்டாம் முறை நீண்டால் கைதட்டாதீர்கள். கத்தித்தான் ஆகவேண்டுமென்றால், நிறுத்து என்று கத்துங்கள்.