கரண்ட் இல்லாத நேரத்து ரீடிங்

காலேஜ் முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். சென்சார் வேலை என்று சொல்லிக்கொள்ள கெத்தாக இருக்கும். உள்ளே போனால் வெள்ளிப்பூச்சு பூசிய ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம், பிஸ்கட் பாக்கெட் உறை மாதிரி. எதிரே ஆள் நடந்தால் உடம்புச் சூடு பட்டு அதில் துளியூண்டு கரண்ட் பிறக்கும், பல்ப் எரியும். ஆளே இல்லாமல் எரிந்தால் ஃபெயில். அதன் முன்னால் நடப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் இன்ஜினியரிங்.

பெங்களூரு கஸ்டமர் ஆர்டர் கொடுத்தால் என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. இல்லையென்றால் பையைத் தூக்க வேண்டியதுதான்.

அப்போது தினமும் மதியம் பவர் கட். எல்லா மெஷினும் படுத்துவிடும், எங்கள் டெஸ்ட் பெஞ்சுக்கு மட்டும் யூபிஎஸ் உண்டு. சும்மா இருக்கிற நேரத்தில் டெஸ்ட்டையாவது முடிப்போம் என்று திருநெல்வேலிக்காரரான சூப்பர்வைசர் எல்லா ரீடிங்கையும் அப்போதே எடுக்க வைத்தார். எல்லாம் அவ்வளவு சுத்தம், ஒரு ஃபெயில்கூட இல்லை.

கஸ்டமர் காலையில் வந்தார். கரண்ட் இருந்தது. நல்ல சகுனம் என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் ஒதுங்கி நின்றோம். பல்ப் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

"யாருக்குப்பா எரியுது?" என்றார் கஸ்டமர்.

"ஏல, அசையாம நில்லுல," என்று சூப்பர்வைசர் என்னிடம் பல்லைக் கடித்தார். மூச்சையும் அடக்கினேன். எரிந்தது.

அப்புறம்தான் தரை அதிர்வது காலில் உறைத்தது. பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் தகடு வெட்டிக்கொண்டிருந்தது. சூடு பட்டாலும் அதிர்ந்தாலும் ஃபிலிம் ஒரே மாதிரிதான் கரண்ட் விடும். மதியம் கரண்ட் போகும்போது பிரஸ்ஸும் நின்றுவிடும். நாங்கள் ரீடிங் எடுத்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

ஓடிப்போய், கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். பிரஸ் ஓட்டுகிற சூளகிரிக்காரர் தலையைத் திருப்பவில்லை.

"கரண்ட் இருக்கறப்பதான ஓட்ட முடியும். போச்சுன்னா தானா நிக்கும், அப்ப வந்து பாத்துக்க."

திரும்பி வந்தபோது கஸ்டமரின் கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாசக் கடைசியோடு போதும் என்று சூப்பர்வைசர் சொன்னார். சரி சார் என்றேன். பசித்தது.

மதியம் கரண்ட் போனது. பழக்கத்தில் பெஞ்ச் முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். எரிந்தது. கையை எடுத்தேன். அணைந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் சூப்பர்வைசர், சாப்பாட்டு டப்பாவை மூடியபடி.

"நல்லா இருக்கு சார்."

"ம்," என்று கை கழுவப் போனார்.